ஆகாயக் கப்பலுக்கு ஆயுத பூசை

எங்கள் அம்மா கரைக்கும் சந்தனத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மற்ற பெண்கள் கரைத்த சந்தனம் காய்ந்ததும் தானாக உதிர்ந்துவிடும். அம்மா கரைத்தது உதிராது. கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் அரிசி மாவு, அப்புறம் இன்னும் எதையோ சேர்ப்பாள். என்னவென்று கேட்டால் சொல்லமாட்டாள். காய்ந்த பிறகு அதைச் சந்தனம் என்று சொல்ல முடியாது, சிமெண்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் ஆயுத பூசைக்கு என் தையல் மெஷினுக்கு அவள் வைத்த பொட்டு, எண்ணெய் விடுகிற ஓட்டையை அடைத்துக்கொண்டது. தீபாவளி வரைக்கும் மெஷின் கீச்கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் நான் கொண்டை ஊசியால் சுரண்டி எடுத்தேன். சாமிக்கு வைத்த பொட்டைச் சுரண்டுகிறவள் உருப்படுவாளா என்று அம்மா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. எனக்கும் அந்த இரண்டு நாள் நிம்மதியாகத்தான் இருந்தது.

மலாய் நாட்டுத் தீவு ஒன்றில், ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. கீழே கடை, மேலே வீடு. ஆயுத பூசை வந்தால் எங்கள் வீட்டில் பொட்டில்லாத பொருளைப் பார்க்க முடியாது. கத்தரிக்கோல், கெஜக்கோல், தையல் மெஷின், அம்மி, அரிவாள்மணை, வாசலில் நிற்கும் மோட்டார் காடி எல்லாவற்றுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். அன்றைக்கு எதையும் தொட்டு வேலை செய்யக்கூடாது. அவையும் உழைத்துக் களைத்தவைதானே, ஒரு நாள் இருக்கட்டும் என்பாள் அம்மா. மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து எடுத்தால், எடுத்த காரியம் ஜெயம். இதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் உண்டு.

பெரிய வேறுபாடு அண்ணன் விஷயத்தில் வந்தது. அண்ணன் என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவன். கடையில்தான் உட்கார்ந்திருப்பான். ஆனால் தலைக்கு மேலே சத்தம் கேட்டால் போதும், வாடிக்கைக்காரரை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பான். ஒரு தடவை கைலி வாங்க வந்த அம்மாளையும் கூடவே அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறான். பாயான் லெப்பாஸில் விமானத் திடல் திறந்து, துரைமார்களும் சீன முதலாளிகளான தௌக்கேமார்களின் மகன்களும் அங்கே விமானம் ஓட்டப் பழகுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. லைசென்ஸ் வாங்கிவிட்டால் தபால் கொண்டுபோகும் விமானத்தில் வேலை கிடைக்கும் என்றான். தபால் கொண்டுபோகத்தான் தபால்காரன் இருக்கிறானே என்றார் அப்பா.

அம்மா அண்ணன் பக்கம் நின்றாள். அவள் நிற்கும் விதம் வேறு மாதிரி. சண்டை போடமாட்டாள், அழமாட்டாள். அப்பாவின் குழம்பில் மட்டும் உப்புப் போடமாட்டாள். அப்பாவும் விட்டுக்கொடுக்காமல் கொஞ்ச நாள் மூச்சுப் பிடித்துச் சாப்பிட்டார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்கு முன்னால் அண்ணனை நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"போ. பழகு. ஆனா ஒண்ணு. அந்த எஞ்சின் ஒரே ஒரு தடவ நடுவானத்துல நின்னுச்சுன்னு என் காதுல விழட்டும். யாரு தப்பா இருந்தாலும் சரி, அன்னிக்கே கெஜக்கோல ஒன் கையில குடுத்துருவேன். அப்புறம் இந்த வீட்டுல ஏரோப்ளேன் பேச்சே இருக்கப்படாது."

"சரிப்பா" என்றான் அண்ணன். "எஞ்சினெல்லாம் நிக்காதுப்பா. இப்ப வர்றதெல்லாம் புது மாதிரி."

அன்று மத்தியானக் குழம்பில் உப்பு இருந்தது.

எஞ்சின் நிற்காது என்பதுதான் பாயான் லெப்பாஸில் எல்லாருடைய பேச்சும். இவ்வளவு பெரிய தீவில் மலை இருக்கிறது, கடல் இருக்கிறது. விமானத்துக்கு மட்டும் சமமான நிலம்தான் வேண்டுமாம். சமமான நிலத்தில்தான் மனிதர்களும் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். திடலின் வேலியைத் தாண்டினால் கம்போங், மலாய்க்காரர்களின் கிராமம். அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள், தென்னை மரங்கள், அதற்குப் பின்னால் ஒரு சீனருடைய காங்கோங் கீரைத் தோட்டம். பழகுகிறவர்கள் கிளம்பியதும் அந்தக் கூரைகளின் மேல்தான் ஏறுவார்கள், சுற்றிவந்து அந்தக் கூரைகளின் மேல்தான் இறங்குவார்கள். ஊர்ப் பெரியவர் போய்ப் பழக்கும் துரையிடம் முறையிட்டிருக்கிறார். எஞ்சின் நின்றால்தானே ஆபத்து, எஞ்சின் நிற்காது என்று துரை அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

இதை எங்களுக்குச் சொன்னவள் வேலியை ஒட்டிய கடைசி வீட்டு மக்சிக். மக்சிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி. அவள் எங்கள் கடையில் கைலி வாங்குகிறவள். துரைமார் உட்காரும் இடத்தில் பெண்பிள்ளைகள் போய் நிற்கக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்ததால், அம்மாவும் நானும் அண்ணன் பறப்பதைப் பார்க்க மக்சிக் வீட்டு முற்றத்தில்தான் உட்காருவோம். மக்சிக் மலாயில் பேசுவாள். அம்மா தமிழில் பதில் சொல்வாள். இடையில் நான் இருந்தேன் என்றாலும், நான் இல்லாவிட்டாலும் அவர்கள் பேச்சு நின்றிருக்காது.

மக்சிக் ஒரு பட்டியலே வைத்திருந்தாள், எல்லாம் மனப்பாடம். சத்தத்தை வைத்தே மேலே வருவது யார் என்று சொல்லிவிடுவாள். ஒல்லித் துரை வந்தால் கொடியில் காயும் துணியை எடுத்துவிட வேண்டும், அவர் கூரையைத் தடவிக்கொண்டு போகிறவர். தௌக்கே மகன் வந்தால் கோழிகளை அடைத்துவிட வேண்டும், அவன் போகும் உயரத்தில் கோழியும் பறக்கும். கண்ணாடி போட்ட துரை வந்தால் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டே வெளியே வந்துவிட வேண்டும்.

"எங்கண்ணன் வந்தா?" என்று கேட்டேன்.

"உன் அண்ணன் வந்தா நான் அடுப்பை விட்டு எழுந்திருக்கிறதே இல்லலா. அவன் நல்லா ஓட்டுறான். ஆனா கோழிக்கு ஆள் வித்தியாசம் தெரியலையே, எல்லாருக்கும் சேர்த்து முட்டை போடுறத நிறுத்திருச்சு."

அண்ணனிடம் இதைச் சொன்னேன். பழக்கும் துரை பாராட்டியபோதுகூட அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அண்ணனுக்கு லைசென்ஸ் பரீட்சை விஜயதசமியன்று வந்து அமைந்தது. தனியாகப் போய், திடலைச் சுற்றிவந்து, குறித்த இடத்தில் இறக்க வேண்டும். அப்படிச் சில தடவை. தேர்ந்துவிட்டால் லைசென்ஸ், பிறகு தபால் விமானம். அவன் ஆசைப்பட்டது எல்லாம் அந்த ஒரு காலையில் இருந்தது. அம்மாவுக்கோ நாள் அமைந்ததில் பாதிப் பரீட்சை முடிந்துவிட்ட மாதிரி. முந்தைய நாள் ஆயுத பூசை. கடைச் சாமான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்தவள், சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணனைப் பார்த்தாள்.

"காடிக்கு வச்சாச்சு, கத்தரிக்கு வச்சாச்சு. ஒன் ஆகாயக் கப்பல் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அண்ணன் சிரித்தான். மறுநாள் பரீட்சையை வைத்துக்கொண்டு அவளோடு மல்லுக்கு நிற்க அவனுக்கு மனமில்லை. சாயங்காலம் எங்கள் இரண்டு பேரையும் காடியில் ஏற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸ் போனான். பூசைக்குப் போகிற காடிக்கு மட்டும் அன்றைக்கு விலக்கு உண்டு என்றாள் அம்மா. துரைமார் யாரும் இல்லை. விமானக் கொட்டகைக்குக் காவல் இருந்த பஞ்சாபிக்காரர் பூசைத் தட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

அவ்வளவு பக்கத்தில் நான் விமானத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, நடுவில் இரண்டு பேர் முன்னும் பின்னுமாய் உட்கார இரண்டு குழி. எல்லாம் துணியும் மரமும்தான். இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்தேன், சொல்லவில்லை. அம்மா சக்கரத்துக்கு அடியில் வைக்க நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தாள். இரண்டு சக்கரம்தான் இருந்தது. வாலுக்குக் கீழே ஒரு கட்டை.

"மத்த ரெண்டு சக்கரம் எங்க?"

"அவ்வளவுதாம்மா."

"அடப் பாவமே" என்று சொல்லி, மிஞ்சிய இரண்டு பழத்தையும் வால் கட்டைக்கு அடியில் வைத்தாள்.

சூடம் ஏற்றப் போனபோதுதான் அண்ணன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். பெட்ரோல் இருக்கும் இடத்தில் சூடமா என்று பதறினான். சூடமில்லாமல் என்ன பூசை என்று அம்மா முறைத்தாள். சூடத்தை வெளியே புல்லில் ஏற்றிக்கொள்வது, பொட்டு மட்டும் உள்ளே வைப்பது என்று ராசியானார்கள். சூடத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் காவல்காரரோடு வெளியே போனான்.

அம்மா விமானத்தின் மூக்கில் ஒரு பொட்டு வைத்தாள். முன்னால் இருக்கும் அந்த மரச் சுழலிக்கு இரண்டு முனையிலும் வைத்தாள். சக்கரத்துக்கு வைத்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். அன்று மத்தியானம் பெட்ரோல் ஊற்றியவர்கள் விட்டுப்போன ஏணி பக்கத்திலேயே சாய்ந்திருந்தது.

"காலுக்கு வச்சுட்டுத் தலைக்கு வைக்காமப் போறதாடி? ஏணியப் புடி."

பிடித்தேன். காஞ்சிப் பட்டும் கையில் கிண்ணமுமாக அவள் ஏறினாள். கீழே நின்ற எனக்குத் தெரிந்தது அவள் மெட்டியும் புடவைக் கரையும்தான். மேலே என்ன இருந்தது, எங்கே வைத்தாள் என்பது எனக்குத் தெரியாது. இறங்கி வந்தவள், "உச்சியில நல்லா வட்டமா பித்தளையில இருக்குடி, நெத்தி மாதிரி" என்றாள். அண்ணன் உள்ளே வந்தபோது ஏணி பழைய இடத்தில் இருந்தது. மூக்கிலும் சுழலியிலும் இருந்த பொட்டுகளைப் பார்த்து, இவ்வளவோடு விட்டாளே என்று அவன் சந்தோஷப்பட்டான்.

மறுநாள் காலையில் எஞ்சின் பார்க்கும் ஃபிட்டர் வந்து, கண்ணில் பட்ட பொட்டுகளையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே துடைத்திருக்கிறார். பெட்ரோல் முந்தைய நாளே நிரப்பியாகிவிட்டது. அதனால் ஏணி போட்டு மேலே ஏற யாருக்கும் வேலை இல்லை.

அம்மாவும் நானும் மக்சிக் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். அம்மா தண்ணீர்மலை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மக்சிக் உள்ளே ஏதோ வதக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் கிளம்பினான், ஏறினான், ஓர் அழகான வட்டம் போட்டு வந்து, சொன்ன இடத்தில் சக்கரத்தை வைத்தான். எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. நிற்காமல் மறுபடியும் கிளம்பினான். கூரைகளுக்கு மேலே ஏறத் தொடங்கினான்.

அப்போது எஞ்சின் இருமியது. காசம் பிடித்தவர் இருமுவதுபோல் இரண்டு மூன்று தடவை. பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது.

மக்சிக் கரண்டியோடு வெளியே ஓடிவந்தாள். அவளுக்கு எல்லாச் சத்தமும் தெரியும். சத்தமில்லாமல் வரும் விமானத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. சுழலி சுற்றாமல், நட்டுவைத்த கட்டை மாதிரி நின்றது. காற்று கம்பிகளில் உரசும் ஓசை மட்டும் கேட்டது. நான் பயந்தேன். எஞ்சின் நின்றால் திடலுக்குத் திரும்பப் பார்க்காதே, திரும்பினால் விழுவாய், நேரே முன்னால் இறக்கு என்பதுதான் துரை கொடுத்த பாடம் என்று அண்ணன் சொல்லியிருந்தான். நேரே முன்னால் வீடுகள் இருந்தன. ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் லேசாக வலது பக்கம் சாய்த்தான். இரண்டு தென்னைகளுக்கு இடையில் நுழைந்தான். எங்கள் தலைக்கு மேலே, மக்சிக்கின் கூரைக்கு ஒரு முழம் மேலே போனான். அவன் முகம் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றியிருந்தான், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கொடியில் காய்ந்த மக்சிக்கின் கைலி ஒன்று சக்கரத்தில் சுற்றிக்கொண்டு கூடவே போயிற்று. பிறகு காங்கோங் தோட்டத்தில் 'சளப்' என்று ஒரு சத்தம்.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகுவதற்குள் நான் ஓடினேன்.

கீரைப் பாத்தியில் விமானம் மூக்கைச் சேற்றில் புதைத்துக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தோட்டக்காரர் ஓர் ஓரத்தில் பூவாளியோடு அசையாமல் நின்றார். அண்ணன் இறங்கி ஓடுவான் என்று பார்த்தால், அவன் மேலே ஏறிக்கொண்டிருந்தான். மேல் இறக்கையின் நடுவில்தான் பெட்ரோல் தொட்டி. அதன் பித்தளை மூடியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். நான் பக்கத்தில் போய் எக்கிப் பார்த்தேன். மூடி முழுக்க, வட்டமாக, கனமாக, வெயிலில் வெடிப்புக்கூட விடாமல், எங்கள் அம்மாவின் சந்தனம். நடுவில் குங்குமம்.

அண்ணன் கட்டைவிரல் நகத்தால் அதைப் பெயர்த்தான். பெயர்ந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு குனிந்து என்னைப் பார்த்தான்.

"நீ எதையும் பாக்கல. தெரிஞ்சுதா?"

சேற்றை அள்ளி மூடியின்மேல் தேய்த்துத் துடைத்தான். அம்மா அதற்குள் தூக்கிச் செருகிய புடவையோடு, மூச்சு வாங்க, பாத்தி வரப்பில் வந்து நின்றிருந்தாள். மறுபக்கத்திலிருந்து துரை ஓடிவந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். அண்ணன் இங்கிலீஷில் சொன்னான். திரும்பும்போது தன் முட்டி இடித்துப் பெட்ரோல் குழாயின் திருகு மூடிக்கொண்டது, தான் கவனிக்கவில்லை, தப்பு முழுக்கத் தன்னுடையது என்றான். துரை அவன் கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் சிவப்பாக இருந்தது.

"அடிபட்டிருக்கிறதா?"

"ஆமாம். கொஞ்சம்."

வீடுகளுக்கு மேலே பெட்ரோலை மூடிவிடுகிற ஆளுக்குத் தன்னால் லைசென்ஸ் தர முடியாது என்று துரை சொன்னார். இன்னும் ஆறு மாதம் பழகிவிட்டு வரட்டும் என்றும் சொன்னார். அண்ணனுக்கு ஆறு மாதம் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. எஞ்சின் நின்றதைக் கம்போங்கே பார்த்திருந்தது. எங்கள் கடைத்தெருவுக்குச் செய்தி வர எங்கள் காடியைவிடக் குறைவான நேரம்தான் ஆகும்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். கையை எடுத்து வானத்தைக் கும்பிட்டாள். "பாத்தியாடா! நேத்து நான் தலையில வச்ச பொட்டுதான்டா ஒன்னக் காப்பாத்துச்சு. இல்லேன்னா இந்நேரம் என்னா ஆயிருக்கும்!" என்று மக்சிக்கையும் தோட்டக்காரரையும் துரையையும் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சத்தமாகச் சொன்னாள். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன்.

"ஆமாம்மா" என்றான் அவன். "ஒம் பொட்டுதான்."

மக்சிக் சக்கரத்திலிருந்து தன் கைலியை உருவி எடுத்து, கிழிந்திருக்கிறதா என்று விரித்துப் பார்த்தாள். கிழிந்திருந்தது. அண்ணனைக் கட்டிப்பிடித்து அழுதாள். "என் கூரைய விட்டுட்டானேலா, என் கூரைய விட்டுட்டான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்பா வாக்குத் தவறாதவர். நாங்கள் மாடி ஏறும்போதே கெஜக்கோல் படியோரம் சாத்திவைக்கப்பட்டிருந்தது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு கீழே கடைக்குப் போனான்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் எல்லாருக்கும் தேத்தண்ணீர் கலக்கும்போது, எப்படி நடந்தது என்று அவன் எனக்குச் சொன்னான். கையில் புதுப் பால் டின் இருந்தது. ஆணியால் ஒரே ஓர் ஓட்டை போட்டுக் கவிழ்த்தான். ஒரு சொட்டு வந்தது, பிறகு நின்றுவிட்டது. எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட்டான். பால் ஒழுகியது.

"பெட்ரோல் தொட்டியும் இப்படித்தான். மூடியில ஊசி மொன அளவுக்கு ஒரு ஓட்ட இருக்கும். காத்து உள்ள போனாத்தான் பெட்ரோலு கீழ எறங்கும். அம்மா அதத்தான் அடச்சுட்டாங்க."

"அப்பாகிட்ட நான் சொல்றேன்" என்றேன். "ஒன் மேல தப்பே இல்லியே. யாரு தப்பா இருந்தாலும்னு சொன்னாருதான், ஆனா இது எஞ்சின் தப்பே இல்ல, பொட்டோட தப்பு. எடுத்துச் சொன்னா எறங்கி வருவாரு. தொரையும் மறுபடியும் பரீட்ச வைப்பாரு."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா? தன் கையாலயே புள்ளையக் கொல்லப் பாத்தோம்னு தெரிஞ்சா அவங்க சோறு திம்பாங்களா? அப்பா ஆயுசுக்கும் சொல்லிக்காட்ட மாட்டாரா?" டின்னை நிமிர்த்தி வைத்தான். "விடு. கட எங்க ஓடிப்போவுது."

எனக்கு அம்மாவின்மேல் கோபம் கோபமாக வந்தது. அண்ணன் கடையில் துணி கிழித்துக்கொண்டிருக்கிறான், இவள் தெருத் தெருவாகப் போய்ப் பொட்டின் மகிமையைப் பாடிக்கொண்டிருக்கிறாள். அடுத்த சில மாதத்தில் கடைத்தெருவில் யார் காடி வாங்கினாலும் முதல் பொட்டு அம்மா கையால்தான் என்றாகிவிட்டது. ஆயர் ஈத்தாமிலிருந்து காய்கறி லோரி வந்தது. நிபோங் திபாலிலிருந்து ஒரு கங்காணி, தான் வாங்கிய பழைய காடியை ஃபெர்ரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எஞ்சின் நின்ற ஆகாயக் கப்பலையே பத்திரமாகத் தரையில் இறக்கிய பொட்டு என்றால் சும்மாவா. அம்மாவுக்குப் பட்டுப்புடவையை அவிழ்க்க நேரமில்லை.

பாயான் லெப்பாஸில் ஒரு நல்லது நடந்தது. அன்றைக்குப் பிறகு பழகுகிறவர்கள் வீடுகளின் மேலே ஏறாமல், கடல் பக்கம் திரும்பி ஏற வேண்டும் என்று துரை உத்தரவு போட்டுவிட்டார். கடைக்கு வந்த மக்சிக், கோழி மறுபடியும் முட்டை போடுகிறது என்று சொன்னாள். அண்ணன் அவளுக்கு ஒரு புதுக் கைலி கொடுத்தான். அப்போது தெருவுக்கு மேலே தபால் விமானம் போனது. கத்தரிக்கோல் துணிக்கு நடுவில் அப்படியே நின்றது. சத்தம் அடங்கியதும் மறுபடி வெட்டத் தொடங்கினான். முன்னைப்போல் தெருவுக்கு ஓடவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

அம்மா எங்கே பொட்டு வைக்கப் போனாலும் அண்ணன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே போவான். ஊரார் தாய்ப்பாசம் என்பார்கள். எனக்கு மட்டும்தான் காரணம் தெரியும். அம்மா பொட்டு வைத்து முடித்ததும் ஒரு சுற்று வந்து, யாரும் பார்க்காதபோது, தானும் அந்தப் பக்கம் பார்க்காமலே, பெட்ரோல் மூடியைத் துண்டால் துடைத்துவிடுவான். இனி ஒரு வண்டியும் அம்மா கையால் நிற்கக்கூடாது என்று அவனுக்கு ஒரு வைராக்கியம்.

இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். கெப்பாலா பத்தாஸிலிருந்து ஒருவர் புது லோரியோடு வந்திருந்தார். வாசலில் கூட்டம். அண்ணன் வழக்கம்போல் மூடியைத் துடைக்கப் போனான். நான் அந்தப் பக்கம் நின்றதால் நன்றாகப் பார்த்தேன். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. வெறும் மூடி. அதற்கு முந்தைய வண்டியிலும் இல்லை, அதற்கும் முந்தையதிலும் நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விளக்கு, கண்ணாடி, சக்கரம், கதவு என்று ஓர் இடம் விடாமல் வைக்கிறவள், அந்த ஓர் இடத்தை மட்டும் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

அம்மா லோரியின் படிப்பலகையில் ஏறி நின்று கண்ணாடிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், மெதுவாகக் கேட்டேன்.

"பெட்ரோல் மூடிக்கு வைக்கலியாம்மா?"

கை நின்றது. திரும்பாமலே சொன்னாள். "அது மூச்சு விடற எடம்டி."

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"அன்னிக்கேதான். அவன் நகத்துல மஞ்சளப் பாத்தேனே. நாங் கரச்ச சந்தனம் எனக்குத் தெரியாதா?"

அத்தனை நாள் கோபமும் ஒன்றாகத் திரண்டு வந்தது. "அப்ப அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? தப்பு அவன்மேல இல்லேன்னு நீ எடுத்துச் சொல்லியிருந்தா அப்பா விட்டிருப்பாரே! ஒன் கொழம்புக்கு மசிஞ்சவருதானே! அண்ணன் மறுபடியும் பறந்திருப்பானே!"

"ஆமா" என்றாள் அம்மா. "பறந்திருப்பான். அதான் சொல்லல."

கண்ணாடியில் கடைசிப் பொட்டை வைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. ஆனால் விரல் நடுங்கவில்லை, பொட்டு வட்டமாகவே வந்தது. கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, லோரிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ராசா, இங்க வா. கையப் புடி, எறங்கணும்."

அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்து, அவளை இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் இறக்கிவிட்டான்.